பழுப்பு நாயின் எடை

பர்னிச்சர் கடைக்காரரின் பழுப்பு நாய் அறுநூறு கிலோ எடை இருந்தது. பெரிய சாதி நாய் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் தலை இடிக்காமல் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடும். விலா எலும்புகள் வெளியே தெரியும். ஆனாலும் அறுநூறு கிலோ. முதலில் கடையின் வாசற்படி பிளந்தது. பிறகு அது படுக்கும் இடத்தில் டைல்ஸ் பொடிப்பொடியாக நொறுங்கியது. கடைசியில், மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றின் மேல் அது ஒரு முன்னங்காலை மட்டும் வைக்க, சோபா நடுவில் முறிந்து இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டது. அன்றைக்குத்தான் கடைக்காரர் அதைக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்திக் கூட்டிப் போனார். வெயிலில் இளகியிருந்த தார்ச்சாலையில் அதன் காலடிகள் ஒரு சாண் ஆழத்துக்குப் பதிந்தன. மழை பெய்தால் இன்றும் அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கும். அந்த வாரம் சிமென்ட் விலை ஏறியிருந்தது. ஊர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

நாயை அப்படி ஆக்கியது யார் என்பதில் ரகசியம் எதுவும் கிடையாது. ஊரின் ஓரத்தில், உயரமான சுற்றுச்சுவருக்குள் நாய்ப் பள்ளி நடத்தியவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். மனிதர்களிடம் அவ்வளவு மென்மையாகப் பேசுகிறவரைப் பார்ப்பது அரிது. குரலை உயர்த்த மாட்டார், சட்டை கசங்காது, குழந்தைகளைப் பார்த்தால் குனிந்துதான் பேசுவார். அடங்காத நாயை அவரிடம் விட்டால், கூப்பிட்டால் வந்து, உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, வாயே திறக்காத நாயாகத் திருப்பித் தருவார். அவரிடம் இரண்டு கருவிகள்தான் இருந்தன. உள்பக்கம் முள் வைத்த கழுத்துப்பட்டை ஒன்று, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயிலிருந்து வெட்டிய கைநீளத் துண்டு ஒன்று. பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சேர்க்கும் நாளில் முதல் அடியை நாயின் சொந்தக்காரரே கொடுக்க வேண்டும். "அப்பதாங்க அதுக்குப் புரியும், தன் பக்கம் யாருமே இல்லன்னு. அது புரிஞ்சிட்டா மிச்சம் எல்லாம் சுலபம்" என்று சிரித்துக்கொண்டே குழாயை நீட்டுவார். இதைக் கேட்டு ஒருவராவது அந்தக் குழாயைப் பிடுங்கி அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டாமா? எறியவில்லை. பல் டாக்டர் அடித்தார், வங்கி மேலாளர் அடித்தார், தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார், பள்ளிக்கூட டீச்சர் அழுதுகொண்டே அடித்தாள். அழுதாள் என்பதற்காக அடி லேசாக விழுந்துவிடுமா என்ன? பர்னிச்சர் கடைக்காரரும் அடித்தார். நாற்காலிக் காலைக் கடித்ததும், வாடிக்கையாளர் மேல் வாலாட்டிக்கொண்டு ஏறியதும்தான் பழுப்பு நாய் செய்த குற்றம்.

இப்படியாக ஊரில் சத்தமில்லாத நாய்கள் பெருகின. கூடவே தரைகள் இறங்கின. பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை ஒரு பக்கமாகச் சரிந்து, மேசையில் வைத்த பேனா தானாக உருண்டு விழுந்தது. வங்கி மேலாளர் வீட்டில் கதவுகள் மூட மறுத்தன. டீச்சர் குடியிருந்த இரண்டாவது மாடியிலிருந்து அவள் நாய் முதல் மாடிக்கு, தரையோடு சேர்ந்து, மெதுவாக இறங்கி வந்தது. கீழே குடியிருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள், நாயைப் பற்றி அல்ல, கூரையைப் பற்றி. வாத்தியார் வீட்டு மாடிப்படியே ஒரு நாள் உட்கார்ந்துபோனது. மண் சரியில்லை, அஸ்திவாரம் சரியில்லை, கொத்தனார்கள் முன்புபோல் இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லோருக்கும் கண் இருந்தது. தரை நாய் படுத்த இடத்தில்தான் இறங்குகிறது என்பது பார்த்தால் தெரிகிற விஷயம். பார்த்தால் தங்கள் கையையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் கொத்தனாரைத் திட்டினார்கள். வாத்தியாரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

மருத்துவமனைத் தராசில் பழுப்பு நாய் ஏறியதும் முள் சுற்றிச் சுற்றி வந்து ஒடிந்தது. மாட்டு டாக்டர், அப்படித்தான் அவரை எல்லோரும் சொல்வார்கள், பெரிய மாடுகளை நிறுத்தும் இரும்பு மேடைக்கு அதை மாற்றினார். அறுநூறு. மேடை பழுது என்று முடிவுகட்டித் தராசுக்காரிக்கு ஆள் அனுப்பினார். தராசுக்காரி என்பவள் ஊரில் எடை காட்டும் எதையும் பழுது பார்ப்பவள். கறிக்கடைத் தட்டிலிருந்து லாரி ஏறும் எடைமேடைவரை அவள் கை படாதது இல்லை. நல்ல வேலைக்காரி, ஆனால் மூக்குக்கு மேல் கோபம். பாக்கு கடித்துத் துப்புவதுபோலப் பேசுவாள். கல்யாணம் ஆகாததற்கு அந்த வாயைத்தான் எல்லோரும் காரணம் சொன்னார்கள். அவள் அதையே தன் வாய்க்குக் கிடைத்த வெற்றி என்று சொல்லித் திரிந்தாள். வாத்தியாரின் மனைவி அவளுடைய சொந்த அக்கா. அக்கா தங்கை இருவரும் ஒரே ஊரில் இருந்தும் பார்த்துக்கொள்வது அபூர்வம். அக்கா வெளியே வருவதே இல்லை. அத்தானின் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று இவளும் போவதில்லை.

தராசுக்காரி தன் எடைக்கற்களை வைத்துப் பார்த்தாள். மேடை சரியாக இருந்தது. நாயை ஏற்றினாள், அறுநூறு. அவள் செய்ததை வேறு எந்தத் தொழில்காரனும் செய்திருக்க மாட்டான். கண்ணுக்குத் தெரிகிற நாய் பதினெட்டு கிலோவுக்கு மேல் இருக்க வழியில்லை, ஆகவே பிசகு இரும்பில்தான் இருக்க வேண்டும் என்று, நாய் நிற்கும்போது மேடை பதினெட்டு காட்டும்படி ஸ்பிரிங்கையெல்லாம் முறுக்கி வைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் ஒரு கன்றுக்குட்டி அதே மேடையில் ஏறியது. டாக்டரே அவள் பட்டறைக்கு வந்து நின்றார்.

"கன்னுக்குட்டி பூஜ்யத்துக்குக் கீழ போயிடுச்சும்மா. அதுக்கு நான் மருந்து குடுக்கணுமா, இல்ல அதுகிட்டேருந்து மருந்து வாங்கணுமா?"

அவள் சாமான் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவமானத்தில் காது சிவந்திருந்தது. மேடையை மறுபடி நேராக்கிவிட்டு, நாயை ஏற்றிவிட்டு, இந்த முறை இரும்பைப் பார்க்காமல் நாயைப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றி வளையமாக முடி இல்லை. அந்த இடத்தில் தோல் பழைய செருப்பின் உள்பக்கம்போல் இருந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்க அவள் கையைத் தூக்கினாள். நாய் அசையவில்லை, கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொண்டது. மேடை அறுநூற்று நாற்பது காட்டியது. கையைக் கீழே போட்டாள். அறுநூறு. இன்னொரு முறை, மிகவும் மெதுவாக, முடியைச் சரிசெய்வதுபோலத் தூக்கினாள். அறுநூற்று இருபது. அதற்குமேல் அவளுக்குச் சோதனை தேவைப்படவில்லை. நாய் தின்றதெல்லாம் வெளியே போய்விட்டது, வாங்கியது மட்டும் அப்படியே உள்ளே இருந்தது. எவ்வளவு வாங்கியிருந்தால் இவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள் அவள். போட்டும் பார்த்தாள்.

இதற்குள் வாத்தியார் கடைக்காரரிடம் பேசியிருந்தார். நாய் கெட்டுப்போய்விட்டது, இனி எந்தப் பயிற்சியும் ஏறாது, விட்டுவைத்தால் மற்ற நாய்களும் இதைப் பார்த்துக் கெடும், ஊசி போட்டு முடித்துவிடுவதே அதற்குச் செய்யும் நன்மை என்று மென்மையாகச் சொன்னார். தன் கைவேலை இப்படி நடுத்தெருவில் குழி பறித்துக்கொண்டு நடமாடுவது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும். கடைக்காரர் தலையாட்டிவிட்டார். ஆனால் அந்த ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது. அறுநூறு கிலோவுக்குப் போட டாக்டரின் குளிர்பெட்டியில் மருந்து இல்லை. குறைத்துப் போட்டால் சாகாமல் கிடந்து துடிக்கும், அதை நான் செய்ய மாட்டேன், மருந்து சேரட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை நாயை எங்கே வைப்பது? மருத்துவமனைத் தரை ஏற்கெனவே விரிசல் விட ஆரம்பித்திருந்தது.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் தராசுக்காரி.

"நீயா? உனக்கு மனுஷங்களோடயே பொறுமை கிடையாதேம்மா."

"மனுஷங்க என்ன, கழுத்துல முள்ளோடயா வந்து நிக்கிறாங்க?"

அவளுடைய பட்டறையின் பின்முற்றத்தில் பழைய லாரி எடைமேடை ஒன்று தரையோடு தரையாகப் பதிந்து கிடந்தது. அதைவிட்டால் அந்த நாயைத் தாங்கும் தரை ஊரில் எங்கும் இல்லை. எடைக்கற்கள் ஏற்றும் வண்டியில், சங்கிலியால் இழுத்து ஏற்றி, நாயை அங்கே கொண்டு வந்து இறக்கினாள். மேடைக்கு மேல் சுவரில் சிவப்பு எண்கள் எரியும் பெட்டி ஒன்று உண்டு. நாய் அன்றிலிருந்து அந்த எண்களுக்குக் கீழேயே வாழ்ந்தது. இதனால், தான் செய்வது ஒவ்வொன்றும் அதற்கு எவ்வளவு பாரம் என்பது தராசுக்காரிக்கு உடனுக்குடன் தெரிந்தது. அவள் எழுந்து நடந்தால் ஐந்து கிலோ. இரும்புக் கதவைச் சாத்தினால் முப்பது. தெருவில் யாராவது பிள்ளையைப் பெயர் சொல்லி அதட்டினால், சத்தம் சுவர் தாண்டி வந்து, பத்து. மனிதன் ஒரு நாளில் எத்தனை முறை கத்துகிறான் என்பதை அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அவள் அறிந்தே இருக்க மாட்டாள்.

எண் முதன்முதலாகக் கீழே இறங்கியது தற்செயலாகத்தான். ஒரு மதியம் அவள் வேலை மேசையில் உட்கார்ந்து சின்னத் தராசு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பித்தளைக் கல்லைத் தட்டில் வைத்தபோது டிங் என்றது. நாயின் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது. சும்மா இருக்கட்டும் என்று, தன் சாப்பாட்டிலிருந்து வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைத் தூக்கிப் போட்டாள். இன்னொரு கல், இன்னொரு டிங், இன்னொரு துண்டு. மூன்றாவது டிங்குக்கு நாய் தலையைத் தூக்கியது. பெட்டியில் எண் ஒரு கிலோ குறைந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், சிரித்தால்கூட ஏறிவிடுமோ என்ற பயத்தில். அன்றிலிருந்து அதுவே பாடமானது. அவள் எதையும் உத்தரவிடுவதில்லை. நாய் தானாக ஏதாவது ஒன்றைச் செய்யும்வரை காத்திருப்பாள். ஒரு காலை நகர்த்தினால் டிங், துண்டு. அவளைப் பார்த்தால் டிங், துண்டு. பார்க்காவிட்டால் ஒன்றும் இல்லை. அதட்டல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை, பெருமூச்சுகூட இல்லை. பெருமூச்சு இரண்டு கிலோ என்று பெட்டி அவளுக்குச் சொல்லியிருந்தது. நாய் முதல் முறை எழுந்து நிற்க ஒரு பருவம் ஆயிற்று. கறிக்கடைக்காரர் ஈரலை இலவசமாகவே கொடுத்தனுப்பினார், அவருடைய தராசை அவள் கவனித்துக்கொண்ட நன்றிக்காக.

பொறுமை அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எண் முந்நூறுக்கு இறங்கியிருந்த சமயம், ஒரு லாரிக்காரன் அவள் முகத்துக்கு நேரே "பொம்பளை பார்த்த மேடைதானே" என்று சொல்லிவிட்டுப் போனான். பொருமிக்கொண்டு முற்றத்துக்கு வந்தால், நாய் பெட்டிக்குப் போகும் மின்கம்பியைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. "சனியனே!" என்று ஒரு கத்து. கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. அவள் எறிந்தாள் என்பதே சரி. நாய் மேல் படவில்லை. கம்பியை ஒட்டி விளக்கைப் போட்டுப் பார்த்தபோது பெட்டி எழுநூற்று ஐம்பது காட்டியது. வந்த நாளைவிட அதிகம். கடிக்க ஆரம்பித்தது என்றால் பயம் தெளிந்து விளையாட வந்திருக்கிறது என்று அர்த்தம், அதைத்தான் அவள் ஒரே கத்தில் கொன்றுவிட்டாள். வெகுநேரம் மேடையின் விளிம்பில் உட்கார்ந்து தன் வாயிலேயே தான் அறைந்துகொள்ளலாமா என்று யோசித்தாள். கையைத் தூக்கினால் நாய்க்கு ஏறும் என்பதால் அதையும் செய்யவில்லை. மறுநாள் முதல் டிங்கிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள். கோபம் எங்கும் போய்விடவில்லை. அதை நாய் இருக்கும் பக்கம் கொண்டுவராமல், முழுவதையும் மனிதர்களிடம் செலவழித்தாள். அந்த நாட்களில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் தெருவில் இல்லை. லாரிக்காரனைத் தேடிப் போய்த் திட்டிவிட்டு வந்தாள்.

இரண்டாம் முறை எண் வேகமாக இறங்கியது. நாய் நடந்தது, வாலை ஆட்டியது, கூப்பிடாமலே வந்து அவள் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: டாக்டரின் குளிர்பெட்டியில் மருந்து சேர்ந்துகொண்டே வருகிறது, இங்கே எடை இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டும் ஒரு நாள் சந்திக்கும். தான் நாயிடமிருந்து இறக்கி வைத்த ஒவ்வொரு கிலோவும் அதைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. பழையபடி பாரமாகவே கிட என்று அதை எப்படி விடுவது? அவள் ஒரு சாக்கை எடுத்து எண்பெட்டியின் மேல் போட்டு மூடினாள். யார் கேட்டாலும் இன்னும் அறுநூறுதான் என்றாள். ஊர் நம்பியது. நாய் பழையபடி பாரமாக இருப்பது ஊருக்கு வியப்பில்லை. வாத்தியார் மட்டும் நம்பவில்லை. ஒரு நாள் தன் மனைவியை வேவு பார்க்க அனுப்பினார்.

அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். முன்பு எப்போதும்போல ஒல்லியாகத்தான் இருந்தாள், கன்னம் இன்னும் ஒட்டியிருந்தது.

"உங்க அத்தான் பார்த்துட்டு வரச் சொன்னார். இப்ப எவ்வளவு இருக்குன்னு."

"அவரே வர வேண்டியதுதானே?"

"வந்தா நீ சண்டை போடுவ. உன் வாய் தெரியாதா எனக்கு?"

நாய் வாலை ஆட்டியது. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் உயிர் அவளுக்கு. தடவிக் கொடுக்கலாம் என்று மேடையில் கால் வைத்தாள். அடியில் இரும்புச் சட்டங்கள் முனகின. தெருவில் லாரி ஏதோ போகிறது என்று நினைத்த தராசுக்காரி, பழக்க தோஷத்தில் சாக்கை விலக்கிப் பெட்டியைப் பார்த்தாள். நாய் அப்போது தொண்ணூறு கிலோ. பெட்டி நான்கு டன்னுக்கு மேல் காட்டியது.

"அக்கா, கொஞ்சம் கீழ இறங்கு."

இறங்கினாள். தொண்ணூறு.

"திரும்ப ஏறு."

ஏறினாள்.

"மெஷின் ரிப்பேரா?" என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்ற கெஞ்சல் அந்தக் குரலில் இருந்தது.

"இல்லக்கா. மெஷின் சரியாத்தான் இருக்கு."

அக்கா நாயின் கழுத்து வளையத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ரவிக்கைக் கழுத்து எப்போதும் ஏன் அவ்வளவு ஏறியிருக்கும் என்று தங்கைக்கு அன்றைக்குப் புரிந்தது. உட்கார்ந்துபோன மாடிப்படியும் புரிந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அவள் வாயைத் திறக்கக்கூட இல்லை, அதற்குள் அக்கா சொன்னாள்: "சத்தம் போடாதடி. அது பயந்துக்கும்." தராசுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தாள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்தும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. போ என்று யாரும் சொல்லவும் இல்லை.

அடுத்த நாள் காலையிலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். வாத்தியார் கசங்காத சட்டையோடு முன்னால் வந்தார். கடைக்காரர் பின்னால் வந்தார். டாக்டர் மருந்துப் பையோடு, வர மனமில்லாத நடையில் வந்தார். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்தது. எடை தெரியாமல் மருந்து ஏற்ற முடியாது என்று டாக்டர் சாக்கை எடுத்தார். பெட்டி எண்ணூறு காட்டியது. வாத்தியார் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார், எண் ஆயிரத்தைத் தாண்டியது. நாய் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தரையோடு ஒட்டிக் கிடந்தது. டாக்டர் பையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு காய்ச்சல் பார்க்கும் குரலில் சொன்னார்:

"வாத்தியாரே, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. எடை இறங்கட்டும்."

"நான் நின்னா என்ன?"

"நீங்க நின்னா மருந்து பத்தாது."

அவர் நகராமல் நின்றால் நாய் சாகாது. நகர்ந்தால் ஏன் இறங்கியது என்று ஊர் கேட்கும். சுவரோரம் நின்ற கூட்டம் பெட்டியையே பார்த்தது. கடைசியில் வாத்தியார் சிரித்துக்கொண்டே வாசல்வரை பின்வாங்கினார், ஒவ்வொரு அடிக்கும் எண் இறங்கியது. வாசலைத் தாண்டியபோது இருநூறு. மருந்து போதும். "பிடிச்சுக்குங்க" என்று டாக்டர் கடைக்காரரைக் கூப்பிட்டார், சொந்தக்காரர்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. கடைக்காரர் மேடையை நோக்கி வந்தார். இருநூற்று ஐம்பது, முந்நூறு, நானூறு. அவர் நின்றுவிட்டார். நாய்ப் பள்ளிச் சுவருக்குள் தன் கையால் கொடுத்த முதல் அடி இவ்வளவு நாளும் இதற்குள் இருந்திருக்கிறது என்பது, சிவப்பு எழுத்தில், ஊர் பார்க்க எரிந்தது. அவர் பின்வாங்கினார். "எனக்கு வேணாம். நீயே வச்சுக்கம்மா" என்றார் தராசுக்காரியைப் பார்க்காமல். கூட்டமும் மெல்லப் பின்வாங்கியது. பல் டாக்டர் முதலில், மேலாளர் அடுத்து, டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு. தங்கள் பக்கம் பார்த்து எண் ஏறிவிடப் போகிறதே என்ற பயம். அந்த முற்றத்தில் அவ்வளவு காலி இடம் அதற்குமுன் இருந்ததில்லை. தராசுக்காரி உள்ளே கொதித்தது அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காத்திருந்தாள். வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. நாய் ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு எழுந்து, மேடையைவிட்டுத் தானாக இறங்கி வந்து, அவள் பாதத்தின் மேல் தலையை வைத்தது. தரை விரிசல் விடவில்லை. டாக்டர் பையை மூடினார்.

வாசலுக்கு வெளியிலிருந்து வாத்தியார் தன் மனைவியைக் கூப்பிட்டார், எப்போதும்போல மென்மையாக. "வா, வீட்டுக்குப் போலாம்." அக்கா பட்டறையின் கீழ் அறையிலிருந்து வெளியே வந்தாள். வாசலுக்குப் போகாமல், காலியாகக் கிடந்த மேடையில் ஏறி, நடுவில் நின்றாள். பெட்டி ஐந்து டன்னைத் தாண்டி, அதற்குமேல் காட்ட வழியில்லாமல், எல்லாக் கட்டங்களிலும் ஒன்பது ஒன்பதாக எரிந்து நின்றது. லாரிகளுக்குக்கூட அப்படி ஆனதில்லை. எல்லோரும் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. "இந்த மேடை பழசு" என்று யாரோ ஒரு கிழவர் இருமிக்கொண்டு சொன்னார். அந்தக் கிழவரின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருக்கிறது இதைச் சொல்லும்போதும். வாத்தியார் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸ் வரவில்லை, வீடு இடியவில்லை. நாய்ப் பள்ளி மேலும் சில வருஷம் நடந்தது, வெளியூர் நாய்களை வைத்து. அவர் இறந்தபோது ஊர்வலத்துக்கு நல்ல கூட்டம். உள்ளூர்க்காரர்கள் தங்கள் நாய்களை ஒவ்வொருவராகத் தராசுக்காரியின் முற்றத்துக்கு ஓட்டி வந்தார்கள், வெட்கப்பட்டு அல்ல, டைல்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று. அவள் வாசலில் நிறுத்தி அவர்களைக் காது கூசத் திட்டிவிட்டு, நாயை மட்டும் உள்ளே விடுவாள். உள்ளே நாள் முழுக்க டிங் டிங் என்று கேட்கும். டீச்சர் மட்டும் தானும் உள்ளே வரலாமா என்று கேட்டாள். தன் நாய்க்கு எதிரே தினமும் வந்து, எண் ஏற ஏற, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் நாய் அவளை மன்னிக்கவில்லை, பழகிக்கொண்டது.

அக்காவுக்குப் பாரம் இறங்க நாய்களைவிட அதிக காலம் பிடித்தது. கீழ் அறையில், எடைமேடையிலிருந்து கழற்றிய இரும்புத் தகடுகளைத் தரையில் பரப்பி, அதன்மேல் கட்டில் போட்டுப் படுத்தாள். தங்கை அவளிடம் எதையும் கேட்கவில்லை, எழுந்திரு என்றோ வெளியே வா என்றோ சொல்லவும் இல்லை. பட்டறைக்கு மேலே ஒரு மர அறை உண்டு, ஏறிப் போக இற்றுப்போன மரப்படி உண்டு. தராசுக்காரியே அதில் பயந்துதான் ஏறுவாள். பழுப்பு நாய்க்கு வாய் நரைத்துவிட்ட ஒரு வருஷத்தில், ஒரு காலை, அவள் கீழே வேலையில் இருந்தபோது மேலே காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு மனிதக் கால், நான்கு நாய்க் கால். ஜன்னலைத் திறக்கும் சத்தமும் கேட்டது. மரப்படி முனகக்கூட இல்லை. தராசுக்காரி கையிலிருந்த பித்தளைக் கல்லைத் தட்டில் வைக்காமல், சத்தம் வராமல், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாட்டு டாக்டரின் இடத்தில் இப்போது அவருடைய மருமகள் இருக்கிறாள். நாயோ மாடோ, எதைக் கொண்டு போனாலும், மேடையில் ஏற்றுவதற்கு முன் அவள் தலையைத் தூக்காமலே மூன்று கேள்வி கேட்பாள். வயசு என்ன, என்ன சாப்பிடுது, வீட்டுல யார் அடிக்கிறது. ஊர்க்காரர்கள் மூன்றுக்கும் குரல் மாறாமல் பதில் சொல்கிறார்கள்.